ஜான் பிரவுனின் சாப்பாட்டு மேசை

அமெரிக்காவில் கறுப்பர்களின் அடிமைமுறையை ஒழிக்க ஆயுதம் எடுத்துத் தூக்கிலேறிய வெள்ளைக்காரர் ஜான் பிரவுன். அவர் பேரை எடுத்தாலே, "அந்த ஆள் ஒரு மாதிரி, பைத்தியம்தானே?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் 'பைத்தியம்' மீதுதான் ரொம்ப நாளாகச் சந்தேகம்.

1849இல் நியூயார்க் மாநிலத்து மலைக்காட்டில் வழி தவறிய வழக்கறிஞர் ஒருவர் பிரவுனின் வீட்டில் போய் ஒதுங்குகிறார். சாப்பாட்டு நேரம். வீட்டாரோடு கறுப்பின மக்களும் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிரவுன் அவர்களை மிஸ்டர், மிசஸ் போட்டு அழைத்து விருந்தாளிக்கு அறிமுகம் செய்கிறார். இதில் என்ன இருக்கிறது என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்கலாம், நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அடிமைமுறை கூடாது என்று பேசிய வடக்கத்தி வெள்ளையர்களிலேயே பலர், விடுதலையான கறுப்பர்களைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டால் நல்லது என்று நினைத்த காலம் அது. பிரவுன் அவர்களுக்குப் பக்கத்து நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருந்தார்.

மற்றபடி ஆள் தோல்விகளின் மொத்தக் குத்தகைதாரர். தோல் பதனிடும் தொழில், நில வியாபாரம் என்று எதுவும் ஒட்டவில்லை, 1842இல் திவால். கம்பளியை லண்டன் வரை கொண்டுபோய் விற்றுக் கையைச் சுட்டுக்கொண்டார். இரண்டு மனைவிகள் மூலம் 20 பிள்ளைகள், அதில் பாதிப் பேர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். கண்டிப்பான தகப்பன். மூத்த மகன் செய்த தப்புகளுக்கெல்லாம் நோட்டில் கணக்கெழுதி வைத்து, இதற்கு இத்தனை அடி என்று குறித்து, ஒருநாள் கணக்குத் தீர்க்க உட்கார்ந்தார். மூன்றில் ஒரு பங்கு அடித்ததும் நிறுத்திவிட்டு, தன் சட்டையைக் கழற்றி, பிரம்பை மகன் கையில் கொடுத்து, மீதியை என் முதுகில் அடி என்றாராம். மகனே பிற்காலத்தில் சொன்னது. மற்றவன் கடனைத் தன் முதுகில் வாங்கிக்கொள்ளும் இந்தப் புத்திதான் கடைசியில் அவரைத் தூக்குமேடை வரை கூட்டிப்போனது என்பது என் கணிப்பு.

ஆனால் அவரைப் புனிதர் ஆக்க எனக்கு மனம் வரவில்லை. 1856 மே மாதம், அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்று இரு தரப்பும் மோதிக்கொண்டிருந்த கான்சஸில், அடிமைமுறை ஆதரவாளர்கள் லாரன்ஸ் நகரைச் சூறையாடிய சில நாட்களில், பொட்டவாட்டமி ஓடைக்கரையில் இவருடைய ஆட்கள் ராத்திரியில் கதவைத் தட்டி ஐந்து பேரை வெளியே இழுத்துப்போய் வாளால் வெட்டினார்கள். டாயில் குடும்பத்தில் அப்பாவும் இரண்டு மகன்களும். மூன்றாவது மகனையாவது விட்டுவிடுங்கள் என்று அந்த அம்மா கெஞ்சியதால் 16 வயதுப் பையன் தப்பினான். செத்தவர்கள் அடிமைமுறையை ஆதரித்தவர்கள்தான், சரி. அந்த இரவை அதை வைத்து என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அதே பிரவுன்தான் 1858 டிசம்பரில் அடிமைமுறை இருந்த மிசௌரி மாநிலத்துக்குள் புகுந்து 11 அடிமைகளை மீட்டு, கடுங்குளிரில் ஆயிரம் மைலுக்கு மேல் கூட்டிப்போய்க் கனடாவில் சேர்த்தார். அந்தச் சம்பவத்திலும் ஒரு பண்ணை முதலாளி சுடப்பட்டுச் செத்தார்.

அப்புறம் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி. 1859 அக்டோபர் 16 இரவு, 21 பேரோடு போய் வர்ஜீனியாவின் அந்த ஊரில் இருந்த அரசு ஆயுதக் கிடங்கைப் பிடித்தார். கிடைக்கிற ஆயுதத்தை அடிமைகளுக்குக் கொடுத்து மலையேறிப் போராடுவது திட்டம். அங்கே போனால் இரும்புப் பொறியில் மாட்டிக்கொள்வீர்கள் என்று, அடிமையாக இருந்து தப்பிவந்து அடிமைமுறையை எதிர்த்துப் பேசிய கறுப்பினத் தலைவர் ஃபிரடெரிக் டக்ளஸ் முன்பே எச்சரித்துக் கூட வர மறுத்துவிட்டார். அவர் சொன்னதுதான் நடந்தது. பிரவுனின் ஆட்கள் சுட்டதில் முதலில் விழுந்தவர் ஹேவர்ட் ஷெப்பர்ட் என்ற ரயில்வே தொழிலாளி, அடிமையல்லாத கறுப்பர். மறித்த ரயிலைப் பிரவுனே போகவும் விட்டார், அது போகிற வழியெல்லாம் செய்தியைப் பரப்பியது. 18ஆம் தேதி காலை ராபர்ட் ஈ. லீ என்ற ராணுவ அதிகாரியின் தலைமையில் வந்த படை, பிரவுன் ஒளிந்திருந்த கட்டடத்தின் கதவை உடைத்தபோது பிரவுனின் இரண்டு மகன்கள் குண்டடிபட்டு விழுந்திருந்தார்கள்.

இனி பைத்தியக் கதைக்கு வருகிறேன். பிடிபட்ட பிரவுனின் விசாரணையில் அவருடைய வக்கீலே, பரம்பரையில் மனநோய் உண்டு என்று வந்த தந்தியை வாசித்தார். அதைப் பிடித்துக்கொண்டால் உயிர் தப்ப வழியிருந்தது. காயத்தோடு கட்டிலில் கிடந்த பிரவுன் எழுந்து வேண்டாம் என்றார். அவரைத் தூக்கிலிட்ட வர்ஜீனியாவின் ஆளுநர் வைஸ்கூட, இவரைப் பைத்தியம் என்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று பேசினார். டிசம்பர் 2 அன்று தூக்கிலேறும் முன் கொடுத்த சீட்டில், இந்தக் குற்றவாளி தேசத்தின் பாவங்கள் ரத்தம் சிந்தாமல் கழுவப்படாது என்று எழுதியிருந்தார். சுற்றிலும் காவல் நின்ற கூட்டத்தில் ஜான் வில்க்ஸ் பூத்தும் நின்றான், பின்னாளில் லிங்கனைச் சுட்டவன். பதினாறு மாதத்தில் உள்நாட்டுப் போர்.

வெள்ளைக்காரன் ஒருவன் கறுப்பர்களுக்காகச் சாகத் தயாராக இருந்ததற்குப் பைத்தியத்தைத் தவிர வேறு காரணமே அந்த ஊருக்குத் தோன்றவில்லை. கூடப்போன ஐந்து கறுப்பர்களை யாரும் பைத்தியம் என்றதில்லை, அவர்களைப் பற்றிப் பேசினால்தானே.

அவர்களில் ஒருவர் டேஞ்சர்ஃபீல்டு நியூபி. தாக்கப் போனவர்களில் முதலில் செத்தவர். அவருடைய மனைவி ஹாரியட்டும் பிள்ளைகளும் வர்ஜீனியாவிலேயே அடிமைகள். காசு கொடுத்து மீட்க முயன்று முடியாமல்தான் பிரவுனோடு சேர்ந்தார். ஹாரியட் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் கிடைத்தன. சீக்கிரம் என்னை வாங்கிவிடுங்கள், நீங்கள் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று ஒன்றில் எழுதியிருக்கிறார். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது என்று இன்னொன்றில். அந்தத் தாக்குதலுக்குப் பிறகு ஹாரியட்டை லூசியானாவுக்கு விற்றுவிட்டார்கள்.