குளத்தைப் பார்க்காமல் கீறும் கோடு

முறிகண்டியில் வாகனத்தை நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தப் பிள்ளையார் இருப்பது முல்லைத்தீவு மாவட்டத்தில் என்று? பிரதேச செயலகம் ஒட்டுசுட்டானில். ஏ9 வீதியால் கொஞ்சம் வடக்கே போனால் கிளிநொச்சி மாவட்டம் வந்துவிடும். முறிகண்டிச் சனம் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கிளிநொச்சிக்குத்தான் ஓடும். பாராளுமன்றத் தேர்தல் வந்தால் மட்டும் அவர்கள் வாக்கு வன்னி மாவட்டத்துக்கு, கிளிநொச்சியில் இருக்கிற அவர்களுடைய தமக்கை வாக்கு யாழ்ப்பாணத்துக்கு. கிளிநொச்சி 1984இலேயே தனி நிர்வாக மாவட்டமாகிவிட்டது. தேர்தல் கணக்கில் இன்னமும் யாழ்ப்பாணத்தின் ஒரு தொகுதிதான்.

இவ்வளவு காலமாக இதோடு வாழ்ந்து பழகிவிட்டோம், சரி. ஆனால் மாகாண சபைத் தேர்தல் பேச்சு எழும்பும்போதெல்லாம் எல்லை நிர்ணயம், அதாவது தொகுதிகளுக்கும் வட்டாரங்களுக்கும் கோடு கீறுகிற வேலை, என்ற சொல்லும் எழும்புகிறது. உடனே எங்கள் ஆட்கள் தலை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். தமிழர் எத்தனை, முஸ்லிம்கள் எத்தனை, சிங்களவர் எத்தனை, எந்தக் கட்சிக்கு இலாபம். அந்தக் கணக்கு தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன், ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன். என் மனக்குறை வேறு. கோடு கீறுகிறவர்களும் சரி, அதை எதிர்க்கிறவர்களும் சரி, ஓர் ஊர் எதனால் ஊராக நிற்கிறது என்று பார்ப்பதில்லை.

வன்னியில் ஊரை நிற்க வைப்பது குளம். குளக்கட்டுக்குக் கீழே வயல், மேலே குடியிருப்பு, கட்டடியில் ஒரு பிள்ளையாரோ ஐயனாரோ. துருசு (மதகு) எப்போது திறப்பது, சிறுபோகத்துக்கு (கோடை விதைப்புக்கு) ஆளுக்கு எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலை யார் துப்புரவாக்குவது என்று எல்லாரும் ஒன்றாகக் குந்தியிருந்து முடிவெடுக்கிற ஆட்கள்தான் ஊரார். கலியாணம், செத்தவீடு, கோயில் பொங்கல் எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேதான் நடக்கும். 2009க்குப் பிறகு முகாம்களிலிருந்து திரும்பி வந்தபோதும் சனம் முதலில் தேடியது விதானையாரின் (கிராம அலுவலரின்) பிரிவு எண்ணை அல்ல. எங்கள் குளத்து ஆட்கள் யார் வந்திருக்கிறார்கள் என்றுதான் தேடினார்கள்.

எங்கள் ஊர் நெடுங்கேணிப் பக்கம். பெயரை எழுதவில்லை, எழுதினால் நாளைக்கு இரண்டு பேர் வீட்டு வாசலுக்கு வருவார்கள். ஒரே குளம், இரண்டு கிராம அலுவலர் பிரிவு. முன்பு அது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. பழைய முறையில் பிரதேச சபை முழுவதற்கும் ஒரே பட்டியல்தான், யார் எந்த ஊருக்கு உறுப்பினர் என்று ஒருவருக்கும் தெரியாது. 2017இல் வட்டாரங்கள், அதாவது தனக்கென்று உறுப்பினரைத் தெரிகிற சின்னப் பிரிவுகள், வர்த்தமானியில் வந்தன, 2018 பெப்ரவரியில் முதல் தடவையாகப் புதிய முறையில் வாக்களித்தோம். உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தில், 40 வீதம் பட்டியலில். எங்கள் குளக்கட்டு இரண்டு வட்டாரத்துக்கு நடுக்கோடாகிவிட்டது.

அதன்பிறகு நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். தெருவிளக்கு கட்டின் ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டது. சுடலைக்குப் போகிற கிறவல் வீதி பாதிவரை போடப்பட்டது, மிச்சம் ‘அது என்ர வட்டாரம் இல்லை’ என்ற பதிலோடு கிடந்தது. மழைக்காலத்தில் பாடை தூக்கிக்கொண்டு அந்த மிச்சத்தில் சேறு மிதித்தவர்களுக்குத்தான் அந்தப் பதிலின் அருமை தெரியும். பிறகு விளையாட்டுக் கழகம் இரண்டாகியது. உபகரணம் வட்டாரக் கணக்கில்தான் வருமாம், ஆகவே கட்டுக்கு அந்தப் பக்கத்துப் பொடியள் தனியாகப் பதிந்தார்கள். மைதானம் ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு இப்போது நேரசூசி போட்டிருக்கிறார்கள். மாதர் சங்கத்திலும் அதே கதை. எல்லாவற்றையும்விட மோசம், ஒரு சிறுபோகக் கூட்டத்தில் தண்ணீர்ப் பங்கு பேசும்போது யாரோ ஒருவர் ‘உங்கட மெம்பரைக் கேளுங்கோ’ என்று எழும்பியது. குளத்துத் தண்ணீருக்கும் பிரதேச சபை உறுப்பினருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்த வாய் வந்துவிட்டது.

இதைச் சொன்னால் சிலர் ‘அப்ப பழைய முறையே நல்லது’ என்பார்கள். இல்லை. வட்டாரமுறையில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு முகம். கடையடியில் கண்டால் மறித்துக் கேட்கலாம், தட்டிக்கழித்தால் அடுத்த முறை காட்டலாம். பட்டியல் முறையில் அது கிடையாது. செலவு குறைக்கிறோம் என்று 2023இல் ஒரு குழு, நாடு முழுவதும் 8,000க்கு மேற்பட்ட உள்ளூராட்சி உறுப்பினர்களை 5,000க்குக் கீழே கொண்டுவர அறிக்கை கொடுத்தது. கொழும்பில் அது நியாயமாகப் படலாம். துணுக்காயிலும் மாந்தை கிழக்கிலும் வட்டாரங்களைச் சேர்த்தால் ஓர் உறுப்பினர் காட்டுக்குள்ளால் எத்தனை கிலோமீற்றர் மோட்டார் சைக்கிள் ஓடுவார்? அதற்குப் பெற்றோல் காசு யார் தருவது?

பரப்பளவு என்ற ஒன்றை இந்த நாடு முன்பு கணக்கில் எடுத்ததுதான். சுதந்திரகாலத்துச் சோல்பரி அரசியலமைப்பில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் ஓர் ஆசனம். சனம் குறைந்த, காடு கூடிய இடங்களும் பேசப்படட்டும் என்பதுதான் நோக்கம். 1978 அரசியலமைப்பு அதை மாகாணத்துக்கு நான்கு ஆசனம் என்று மாற்றியது. இன்று மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து 6,500 சதுர கிலோமீற்றருக்கு மேல், பாராளுமன்றத்தில் 6 பேர். 700 சதுர கிலோமீற்றர்கூட வராத கொழும்பு மாவட்டத்துக்கு 2024இல் 18 பேர். தலைக்கு ஒரு வாக்கு என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எங்கள் தலைகள் ஏன் குறைந்தன என்றும் கேட்கவேண்டும் அல்லவா? யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனம், 2024இல் 6. வாக்காளர் இடாப்பு சுருங்கியது. இடம்பெயர்ந்தவர், வெளிநாடு போனவர், பெயர் வேறு மாவட்டத்தில் பதியப்பட்டவர். 1990இல் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்கள் புத்தளத்திலிருந்து பஸ் பிடித்து வந்து வாக்களித்ததும் இதே கதையின் இன்னொரு பக்கம்தான். ஒருவனை ஊரைவிட்டுத் துரத்தியபின் ஊரில் ஆள் குறைவு என்று ஆசனத்தையும் குறைப்பது எந்தக் கணக்கு?

இனித் தலை எண்ணிக்கைக்கு வருகிறேன். எல்லை என்றவுடன் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 1984இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் துரத்தப்பட்டது. மணலாறு என்ற இடம் சிங்களக் குடியேற்றமாகி, பெயரும் வெலிஓயா ஆகியது. இன்று அது முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு பிரதேச செயலகப் பிரிவு. வவுனியாவில் தெற்கு தமிழ்ப் பிரதேச சபை, தெற்கு சிங்களப் பிரதேச சபை என்று இனத்தைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் கண்டவர்களிடம் போய் ‘இது வெறும் நிர்வாக வசதி’ என்று சொன்னால் யார் நம்புவார்? நானும் நம்பமாட்டேன். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தின் நிழலில் எங்கள் அரசியல்வாதிகள் தப்பிக்கொள்கிறார்கள். எத்தனை வட்டாரம் ‘எங்கட’ என்று எண்ணிவிட்டு எழும்பிப் போய்விடுகிறார்கள். எண்ணியதில் ஓர் ஊர் இரண்டாகக் கிழிந்திருந்தால் அவர்களுக்குப் பரவாயில்லை, இரண்டு துண்டும் தமிழ்தானே!

மாகாண சபை விஷயத்தில் நடந்தது பகிடியா கொடுமையா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. 2017இல் சட்டத்தைத் திருத்தி, பாதி தொகுதி பாதி விகிதாசாரம் என்றார்கள். நில அளவையாளர் நாயகமாக இருந்த தவலிங்கம் தலைமையில் குழு போட்டு எல்லை கீறினார்கள். 2018 ஓகஸ்டில் அந்த அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிராக 139, ஆதரவாகப் பூச்சியம். கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு, இரண்டு மாதத்தில் முடிவு என்றார்கள். முடிவு வரவில்லை. 2013இல் தெரிவான வடமாகாண சபை 2018 ஒக்டோபரில் காலாவதியாகியது, அதோடு சரி. எல்லை சரியில்லை என்று சொல்லியே தேர்தலை வைக்காமல் விடலாம் என்று கொழும்பு கண்டுபிடித்துவிட்டது. ஆகவே என் நிலைப்பாடு: மாகாண சபைக்கு இப்போதைக்குப் பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை வையுங்கள். கோட்டைப் பிறகு ஆறுதலாகக் கீறலாம்.

உள்ளூராட்சிக்குக் கீறும்போது ஒன்று செய்யலாம். ஒவ்வொரு குளத்துக்கும் எந்தக் காணி, எந்தக் கமக்காரர் என்ற பதிவு கமநல சேவை நிலையங்களில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிந்த கமக்காரர் அமைப்புகளும் இருக்கின்றன. அந்தப் பதிவையும் கிராம அலுவலர் பிரிவு வரைபடத்தையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்தாலே எந்தக் கோடு எந்த ஊரைக் கிழிக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம், கருத்துக் கேட்கும் கூட்டத்தைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) மட்டும் வைக்காதீர்கள். மல்லாவியிலும் நெடுங்கேணியிலும் செட்டிகுளத்திலும் வையுங்கள், தமிழில் வையுங்கள், அருவிவெட்டுக் (நெல் அறுவடைக்) காலத்தில் வைக்காதீர்கள்.

முல்லைத்தீவில் பிரதேச செயலகப் பிரிவு 6, பிரதேச சபை 4. கிளிநொச்சியில் கண்டாவளைக்குச் செயலகம் உண்டு, தனிச் சபை இல்லை. இப்படிப் பொருந்தாத கோடுகள் உங்கள் பக்கத்திலும் இருக்கும். கட்சிச் சண்டையை வேறு பதிவில் வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் எந்தக் குளம், அது எத்தனை வட்டாரத்தில் கிடக்கிறது என்று மட்டும் கீழே எழுதுங்கள். எங்கள் கமக்காரர் அமைப்புச் செயலாளர் ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறார், அதில் சேர்த்துவிடுகிறேன்.