குப்பைக்கு ஜனத்தொகையைக் குறை சொல்லலாமா?

சென்னையின் குப்பையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "ஜனத்தொகை பெருகிவிட்டது, என்ன செய்வது?" என்ற பதில் வந்துவிடுகிறது. பெருகியது உண்மைதான். 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி எல்லை 2011-இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இன்று நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. ஆனால் இவ்வளவு விரிந்த நகரம் இன்னமும் வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி என்ற பழைய இரண்டு கிடங்குகளையே பெரிதும் நம்பியிருக்கிறது என்பதையும், பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீதே வளர்ந்தது என்பதையும் அந்தப் பதில் சௌகரியமாக மறைத்துவிடுகிறது. அந்தச் சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அதே 2022-இன் ஏப்ரலில்தான் கிடங்கு பற்றியெரிந்து சுற்றுவட்டாரத்தைப் புகையில் மூழ்கடித்தது.

பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண், கல், பிளாஸ்டிக் எனப் பிரித்து நிலத்தை மீட்கும் பயோமைனிங் பணியை நான் வரவேற்கிறேன். ஆயினும், வீட்டு வாசலிலேயே செலவின்றி முடிந்திருக்க வேண்டிய பிரிப்பை, பல ஆண்டுகள் கழித்து இயந்திரம் வைத்துக் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்கிறோம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நம் ஊர்க் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கக்கூடியது. தனியே எடுத்தால் அது உரமாகும், எரிவாயுவாகும். கலந்து குவித்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேனைக் கக்குவதோடு, கூடவே கிடக்கும் காகிதத்தையும் நனைத்து, காயலான் கடைக்காரர்கூடத் தொடாத பண்டமாக்கிவிடும். எரிஉலை வைத்தால் தீர்ந்தது என்போருக்கும் இதே சிக்கல்தான். ஈரக் குப்பை எளிதில் எரியாது. கொடுங்கையூர் எரிஉலைத் திட்டத்தை வடசென்னை மக்கள் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. நகரத்தின் அழுக்கையெல்லாம் அவர்கள் ஏற்கெனவே சுமந்தாயிற்று.

தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள், இயன்றவரை மக்கும் குப்பையைத் தம் வளாகத்திலேயே பக்குவப்படுத்த வேண்டும் என்றும் அவற்றில் இருந்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் ஓங்கி நிற்கும் அடுக்ககங்களில் எத்தனை இதைச் செய்கின்றன? தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் கிளறிப் பிரிப்பார் என்று நாம் இருந்துவிடுகிறோம் (நாம் பிரித்துக் கொடுத்ததும் ஒரே வண்டியில் கலக்கப்படுவதைப் பார்த்துச் சலித்தவர்களும் உண்டு, அது மாநகராட்சியின் குற்றம்). 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கிக் கறாராக நிறைவேற்றிக் காட்டிய மாநிலம் இது. உரத்தொட்டி இல்லாத பெரிய வளாகத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் கிடையாது என்று அதே கண்டிப்போடு அறிவிப்பதில் அரசுக்கு என்ன தயக்கம்?