எம்சி எடுத்தால் நான் சோம்பேறியா?

போன செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல் 39 டிகிரி. எச்சில்கூட விழுங்க முடியவில்லை. நான் டாக்டர். அதே நிலையில் யாராவது என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால், இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எழுதிக் கொடுத்து, "வீட்டுக்குப் போய்ப் படுங்க அண்ணே" என்று அனுப்பியிருப்பேன். தினம் எத்தனை பேருக்கு எழுதுகிறேன்! எனக்கு ஒரே ஒரு நாள் கேட்டதற்கு வந்த பதில்: "உன் ஆன்-காலை யார் பார்ப்பது?" ஆன்-கால் என்றால் இரவும் சேர்த்து வார்டிலேயே நிற்கும் டூட்டி. கேட்டதும் டாக்டர்கள் வாட்சாப் குழுவில், எல்லாரும் பார்க்க. அதற்குக் கீழே ஒருவர் ஸ்ட்ராபெரி படம் போட்டார். தொட்டாலே நசுங்கிவிடும் தலைமுறையாம் நாங்கள்.

போனேன். இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு, முகக்கவசத்துக்குள் இருமிக்கொண்டு போனேன். அந்த வார்டில் படுத்திருப்பவர்களுக்கு என் காய்ச்சல் ஒட்டினால் என்ன ஆகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

காலை 8 மணிக்குத் தொடங்கும் ஆன்-கால் மறுநாள் மாலை 5 வரை இழுக்கும். 33 மணி நேரம். விடியற்காலை 4 மணிக்கு ஒரு தாத்தாவுக்கு இன்சுலின் எழுதும்போது தாளில் கோடெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டு, "மிஸி, இதைக் கொஞ்சம் நீங்களும் பாருங்க" என்றேன். அவர் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். 6 யூனிட் என்று எழுத வேண்டிய இடத்தில் 16 என்று எழுதியிருந்தேன். தாத்தா வாயைத் திறந்தபடி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அப்புறம் வீட்டுக்குக் கார் ஓட்ட வேண்டும். மருத்துவமனை தீவில், வீடு பட்டர்வொர்த்தில். பினாங்குப் பாலம் பதின்மூன்றரை கிலோமீட்டர். கண்ணாடியை இறக்கி, பாட்டைச் சத்தமாக வைத்து, கன்னத்தில் நானே அறைந்துகொண்டுதான் ஓட்டினேன். அப்படியும் நடுப்பாலத்தில் கண் சொருகிவிட்டது. பக்கத்து லாரிக்காரர் ஹாரன் அடித்திருக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் பெரியம்மா கேட்கிறார்: "டாக்டராயிட்ட, ஜெயிச்சிட்ட, இன்னும் ஏம்மா முகம் வாடிக் கெடக்கு?" என்ன ஜெயித்தேன், பெரியம்மா? தைப்பூசத்துக்கு அம்மா தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறார். மூன்று வருடமாக ஒரு தடவைகூட அவர் பக்கத்தில் நான் நடக்கவில்லை. தீபாவளியாவது தப்பிக்கிறது என்றால், அன்று மலாய்த் தோழிகள் வார்டைப் பார்த்துக்கொள்வதால்தான். நோன்புப் பெருநாளுக்கு அவர்களுக்காக நாங்கள் நிற்கிறோம்.

மலேசிய அரசு மருத்துவமனைகளில் 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் ஹர்த்தால் (வேலைநிறுத்தம்) செய்தபோது, நிரந்தர வேலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நம்பினேன். வேலை நிரந்தரமானது. தூக்கம் மட்டும் வரவேயில்லை.

கேட்டால் மூத்த டாக்டர்கள் சொல்வது ஒன்றுதான்: "எங்க காலத்துல இதைவிட மோசம்." சரி, பட்டீர்கள். அந்தக் கஷ்டத்தை எதற்கு எங்கள் பேரில் சொத்து மாதிரி எழுதி வைக்கிறீர்கள்? நீங்கள் தூங்காமல் நின்ற இரவுகளில் தப்பாக எழுதிய மருந்துகளை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

எனக்கு ஸ்பெஷலிஸ்ட் பட்டமும் வேண்டும், மாலையில் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடும் ரசம் சோறும் வேண்டும். இரண்டையும் கேட்பது பேராசை இல்லை. மறுநாள் காலை அந்தத் தாத்தாவின் கட்டிலருகே தெளிந்த தலையோடு நிற்க வேண்டும் என்றால், முந்தின இரவு நான் தூங்கியிருக்க வேண்டும். மருத்துவமனையில் இருப்பவர்களுக்கே இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது!

நாளைக் காலை 8 மணிக்கு மறுபடி ஆன்-கால். காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல் விடவில்லை. இனி ஒரு தடவை காய்ச்சல் வந்தால் எம்சி எடுக்கத்தான் போகிறேன். குழுவில் எத்தனை ஸ்ட்ராபெரி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.