கேட்டுக்கு அடியில் ஒரு சாண்

(மதுரையில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. பாஸ்கரன் கூடத்தில் கையை ஊன்றித் தவழ்ந்துகொண்டிருக்கிறார். மீனா காபியோடு வருகிறார்.)

மீனா: என்னங்க, எதைத் தொலைச்சீங்க?

பாஸ்கரன்: ஒண்ணும் தொலைக்கலை. நாளைக்கு வரப்போற நாய்க்குட்டி கண்ணுக்கு நம்ம வீடு எப்படித் தெரியும்னு பார்க்கிறேன். நின்னுக்கிட்டே பார்த்தா தெரியாது, அதோட உயரத்துக்கு இறங்கணும்.

மீனா: இறங்கினதில் என்ன தெரிஞ்சது?

பாஸ்கரன்: டிவிக்குப் பின்னாடி வயர் கொத்துக் கொத்தா தொங்குது. கடிச்சா ஷாக் அடிக்கும்.

மீனா: நம்ம பையன் தவழ்ந்த காலத்திலேயே இதைத்தானே சொன்னேன்?

பாஸ்கரன்: அவன் கடிக்கலையே.

மீனா: அவனுக்கு அப்போ பல்லே ரெண்டுதான்.

பாஸ்கரன்: குட்டிக்கு 28 பால் பல். ஒவ்வொண்ணும் ஊசி. அது விழுந்து புதுப் பல் முளைச்சு முடியவே ஆறு ஏழு மாசம் ஆயிடும். அதுவரைக்கும் கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். இன்னைக்கே சுவரோடு சேர்த்து கிளிப் அடிச்சிடறேன். அப்புறம் கேட்டுக்கு அடியில் ஒரு சாண் சந்து இருக்கு. குட்டி நழுவி ரோட்டுக்குப் போயிடும்.

மீனா: அது வழியாத்தான் பெருச்சாளி வருதுன்னு சொன்னப்போ, "உலகம் எல்லாருக்கும் பொது"ன்னு தத்துவம் பேசினீங்க.

பாஸ்கரன்: வெல்டிங்காரரை வரச் சொல்லிட்டேன். பத்து மணிக்கு வர்றார்.

(மீனா காபி டம்ளரை மேஜைமேல் வைக்கிறார். அவர் டம்ளரைக் கீழே வைத்தால் வேலை பெரிசு என்பது பாஸ்கரனுக்கு இன்னும் பிடிபடவில்லை.)

மீனா: நல்ல காரியம். செருப்பை வாசலில் இறைச்சுப் போடறோமே, அது பரவாயில்லையா?

பாஸ்கரன்: ஐயோ, கூடவே கூடாது. ‘பார்வோ’ன்னு நாய்க்குட்டிகளைத் தாக்குற ஒரு வைரஸ். மண்ணில் மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். செருப்பில் ஒட்டி வீட்டுக்குள்ளேயே வந்துடும். தடுப்பூசி வரிசை முடியிற வரைக்கும் குட்டியைத் தெருவில் இறக்கவே கூடாது.

மீனா: அப்போ கதவு வெச்ச செருப்பு ஸ்டாண்டு ஒண்ணு.

பாஸ்கரன்: வாங்கிடுவோம்.

மீனா: (மெதுவாக) கல்யாணம் ஆன புதுசில் கேட்டது. சரி, அந்தப் பையில் என்ன?

பாஸ்கரன்: குட்டிக்குச் சாமான். தட்டு ரெண்டு, கழுத்துப்பட்டை, கடிக்கிற பொம்மை, மெத்தை, ஸ்வெட்டர்.

மீனா: ஸ்வெட்டரா? மதுரையிலா?

பாஸ்கரன்: தள்ளுபடியில் போட்டிருந்தான்.

மீனா: சித்திரை வெயிலில் நாய்க்கு ஸ்வெட்டர் மாட்டினா, அது பொம்மையைக் கடிக்காது. உங்களைத்தான் கடிக்கும். மெத்தை எவ்வளவு?

பாஸ்கரன்: அதை விடு. முக்கியமானது இந்தத் துண்டு. குட்டியைக் கூட்டிட்டு வர்றப்போ தாய் நாய் படுத்த இடத்தில் இதை நல்லாத் தேய்ச்சு எடுத்துட்டு வரணும். தாய் வாசனை பக்கத்தில் இருந்தா முதல் ராத்திரி அழுகை கொஞ்சம் குறையும்.

மீனா: (துண்டைப் பிரித்து) இது எங்க அம்மா உங்களுக்கு தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது.

பாஸ்கரன்: நல்ல பருத்தி, அதான்.

மீனா: சாப்பாடு? பால் ரெண்டு பாக்கெட் கூடப் போடச் சொல்லட்டுமா?

பாஸ்கரன்: பால் வேண்டாம். மாட்டுப் பால் நிறைய குட்டிகளுக்கு ஒத்துக்காது, வயித்தால போகும். அங்கே என்ன சாப்பிடுதோ அதையே கொஞ்ச நாள் கொடுத்து, நம்ம சாப்பாட்டை மெல்ல மெல்லக் கலக்கணும். ஒரு நாளைக்கு மூணு நாலு வேளை. சாக்லேட், திராட்சை, வெங்காயம், பூண்டு பக்கமே காட்டக்கூடாது, விஷம்.

மீனா: ஃபினாயில்?

பாஸ்கரன்: எட்டாத உயரத்தில்.

மீனா: பீரோவுக்கு அடியில் உங்க அம்மா உருட்டிவிட்ட அந்துருண்டை?

பாஸ்கரன்: அதுவும் விஷம்தான். பீரோவை நகர்த்தித்தான் எடுக்கணும்.

மீனா: நகர்த்துங்க. அப்படியே பின்னாடி ஒட்டடையையும் அடிச்சிடுங்க. வாசலில் அரளிச் செடி இருக்கே?

பாஸ்கரன்: அது இலையிலிருந்து வேர் வரைக்கும் விஷம். வெட்டிடுவோம்.

மீனா: பூஜைக்குப் பூ வேண்டாமா? தொட்டியோட மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க.

பாஸ்கரன்: (தொட்டியின் சைஸை மனத்தில் அளந்து) ம்.

மீனா: அப்புறம் பரண்.

பாஸ்கரன்: பரணுக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்?

மீனா: ராஜபாளையம் நாய் ரெண்டேகால் அடிக்கு மேலே வளரும்னு யார் சொன்னது?

பாஸ்கரன்: நான்தான் சொன்னேன்.

மீனா: 2005ல தபால் தலையிலேயே போட்ட ஜாதின்னு?

பாஸ்கரன்: அதுவும் நான்தான்.

மீனா: அப்பேர்ப்பட்ட ஜாதி பின்னங்காலில் எழுந்து நின்னா?

பாஸ்கரன்: நின்னாலும் பரண் எட்டாதே.

மீனா: எதுக்கு வம்பு? பழைய பேப்பரை எல்லாம் இறக்குங்க. குட்டி மூத்திரம் போக விரிக்கிறதுக்கும் ஆச்சு.

பாஸ்கரன்: நியாயம்தான். ஆனா ராஜபாளையம் போனதும் மறக்காம ஒண்ணு பார்க்கணும் மீனா. இந்த ஜாதியில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பின்னாடி நின்னு கை தட்டணும். திரும்பலைன்னா சந்தேகம்.

மீனா: அந்தச் சோதனையை நான் வருஷக்கணக்கா உங்ககிட்ட செஞ்சுக்கிட்டு இருக்கேன்.

பாஸ்கரன்: என்ன சொன்னே?

மீனா: பீரோவை நகர்த்துங்கன்னு சொன்னேன்.

(பீரோ நகர்கிறது. அந்துருண்டை நாலு, ஒற்றை ஜிமிக்கி ஒன்று, தொலைந்துபோன கேஸ் புத்தகம். பாஸ்கரன் வியர்வையைத் துடைக்கத் துண்டைத் தேடுகிறார். மீனா அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.)

பாஸ்கரன்: இவ்வளவையும் ஒரே நாளில் எப்படி முடிக்கிறது? குட்டி நாளைக்கு வருதே!

மீனா: நாளைக்கு வரலை.

பாஸ்கரன்: என்னது?

மீனா: ராஜபாளையத்துக்காரர் நேத்து சாயங்காலமே போன் பண்ணினார். குட்டிக்கு இப்போதான் ஆறு வாரமாம். எட்டு வாரமாவது தாயோடயும் கூடப்பிறந்த குட்டிகளோடயும் இருக்கணுமாம். விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்கிறதை அங்கேதான் கத்துக்குமாம்.

பாஸ்கரன்: அப்போ ராத்திரி நான் கேட்டப்போ, நாளைக்கேதான்னு ஏன் சொன்னே?

மீனா: ரெண்டு வாரம் இருக்குன்னு சொல்லியிருந்தா நீங்க இப்போ எங்கே இருப்பீங்க?

(பாஸ்கரன் சோபாவைப் பார்க்கிறார். வாசலில் கேட் ஆடும் சத்தம்.)

மீனா: வாங்கண்ணே, வெல்டிங்குக்குத்தானே? கேட்டை முடிச்சிட்டு உள்ளே வாங்க, மாடிப்படிக் கம்பியும் ஆடுது. நாய் வருதுல்ல?