எழுத்துரு மட்டும் மாறுவதில்லை

'இணையப் பக்கத்தை நிரப்பு எழுத்தில் வடிவமைத்து முடித்துவிட்டு, கடைசியில் தமிழை இட்டால் போதும். எழுத்துரு மட்டுமே மாறும்' என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தவறு. உண்மை வாசகம் வரும்வரை இடத்தை நிரப்ப இடும் வழக்கமான அந்த நிரப்பு எழுத்து சிதைந்த இலத்தீன். தமிழின் நீளமும் உயரமும் அதற்குக் கிடையாது. புதுச்சேரி மிஷன் வீதிக் கடை ஒன்றுக்கு நானும் அப்படிச் செய்து மாட்டிக்கொண்டவன்தான். ஆங்கிலத்தில் நான்கே எழுத்தில் 'புக்' என்று அடங்கிய பொத்தானில் 'முன்பதிவு செய்க' இரண்டு வரியாக உடைந்தது. வரி இடைவெளி எழுத்தளவைப் போல் 1.2 மடங்குதான், அதனால் மேல்வரி 'ழு'வின் கால் கீழ்வரி 'கீ'யின் சுழியில் இடித்தது. 1.6 ஆக்கினேன், எழுத்து மூச்சுவிட்டது. ஆனால் பக்கம் நீண்டு, படங்களையெல்லாம் மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று (கூலி கிடையாது!). இப்போதெல்லாம் கடைக்காரரிடம் தமிழ் வாசகம் வாங்கிய பிறகே பென்சிலைத் தொடுகிறேன்.