பாதையையும் சேர்த்து உழுதுவிட்டால் எப்படி நடப்பது?

இங்கிலாந்தின் ரோம்னி சதுப்பு நிலத்தில் ஒரு சுற்று நடந்து வருவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். நெப்போலியன் படையெடுத்து வருவான் என்று பயந்து 1804-ல் வெட்ட ஆரம்பித்த ராயல் மிலிட்டரி கால்வாயின் கரையில் போகும்வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் வயலுக்குள் இறங்கினால்தான் எரிச்சல். வரைபடத்தில், எல்லாரும் நடக்க உரிமையுள்ள பொதுப்பாதை வயல் நடுவே நேராகப் போகிறது. நேரில் பார்த்தால் எல்லாம் உழுது கிடக்கிறது. விதைக்க உழுதாலும் 14 நாளுக்குள் பாதையைச் சரிசெய்ய வேண்டும், வயல் நடுவே குறைந்தது ஒரு மீட்டர் அகலம் விட வேண்டும் என்று 1980-ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டமே சொல்கிறது. யார் கேட்கிறார்கள்?

வேறு இடமென்றால் சரி, ஓரமாகச் சுற்றிப் போய்விடலாம். இங்கே வயலுக்கு வயல் வாய்க்கால். கரையெல்லாம் நாணல், இறங்கினால் சேறு. அந்தப் பக்கம் போக ஒரே ஒரு பலகைப் பாலம். அது எங்கே என்று பாதை இருந்தால்தானே தெரியும்! காலணியில் களிமண் அப்பி, அடிக்கு அடி கால் கனக்க, கால்வாய்க் கரை கண்ணுக்கெதிரே தெரிந்தும் வந்த வழியே திரும்புவது கொடுமை. விதைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கோட்டில் டிராக்டரை ஒருமுறை ஓட்டி மண்ணை அழுத்திவிட்டாலே பாதை தெரியும். அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறார்களே!