டேபிளுக்குள் டேபிள்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடை ஒன்றின் இணையப் பக்கத்தைத் திருத்தித் தரச் சொன்னார்கள். திறந்தால், பக்கத்தின் அமைப்பே அட்டவணைக் கட்டங்களால்: டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொன்று. இடைவெளிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படம்! பக்கத்தின் தோற்றத்தைத் தனியாக எழுதும் மொழியான சிஎஸ்எஸ் 1996இலேயே வந்துவிட்டது. 2017இல் பெரிய பிரவுசர்களில், பக்கத்தைக் கட்டங்களாக அடுக்கும் அதன் கிரிட் வசதியும் வந்தாச்சு. இன்னும் ஏன் இந்தக் கண்டறியாத வேலை?

நல்லூர்த் திருவிழா விலைக்கழிவு விளம்பரத்தை மேலே ஏற்ற வேண்டுமாம். ஸ்டைல்ஷீட் (சிஎஸ்எஸ் கோப்பு) என்றால் இரண்டு வரி. இங்கே ஒரு செல்லை அசைத்தால் செல்லைப் பல நிரல்களுக்கு நீட்டும் கோல்ஸ்பான் குழம்பி, தாலிக்கொடிப் படம் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. கைபேசியில் பக்கவாட்டில் இழுத்தே விரல் நோகும். முதலாளியோ, “தம்பி, என்ரை கொம்பியூட்டரில வடிவாத்தானே கிடக்கு” என்கிறார். (மின்னஞ்சலுக்கு டேபிள் போட்டால் மன்னிக்கலாம், அங்கே சிஎஸ்எஸ்ஸுக்கு வழி குறைவு.)

தங்க விலைப் பட்டியலுக்கு டேபிள்தான் சரி. அதை மட்டும் படமாகப் போட்டிருக்கிறார்கள்!